செட்டில் நின்றுபோன மாருதி 800: சாவியைத் திருப்புவதற்கு முன்னால்

1983 டிசம்பரில் முதல் வண்டி கைமாறியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட முப்பது வருடத்தில் வாங்கிய மாருதி 800 இன்றும் பல வீட்டுச் செட்டுகளில் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வேறு கார் வந்திருக்கும், அல்லது ஓட்டியவர் ஓட்டுவதை விட்டிருப்பார். ஒருநாள் யாருக்காவது எடுத்துப் பார்க்கத் தோன்றும். எங்கிருந்தாவது ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி செல்ஃப் அடிப்பார்கள். வண்டி கெடுவது பெரும்பாலும் அந்தப் பத்து வினாடியில்தான்.

நீண்ட நாள் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரிலிருந்த ஆயில் முழுவதும் கீழே வடிந்திருக்கும். லேசாகத் துருப் படிந்த சுவரில் பிஸ்டன் ரிங் உலர்வாக உரசினால் கீறல் விழும். எலி கடித்த வயரில் கரண்ட் பாயும். டேங்க் அடியில் தங்கிய துருவும் பிசினும் ஒரே உறிஞ்சலில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு வந்து சேரும். இதையெல்லாம் தாண்டி எஞ்சின் பிடித்துக்கொண்டால் அதைவிட ஆபத்து. ‘சும்மா தெருமுனை வரை’ என்று வண்டியை வெளியே எடுப்பார்கள், பிரேக்கை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே இங்கே வரிசை தலைகீழாக இருக்கும். வண்டி நிற்குமா என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன்பிறகு எஞ்சினைத் தொடலாம். இரண்டு வார இறுதிகளை ஒதுக்குங்கள். இங்கே சொல்வது கார்புரேட்டர் வைத்த பழைய 800-க்கு, ஒன்றிலிருந்து ஐந்து வருடம் வரை நின்றதற்கு. 2000-த்தை ஒட்டி வந்த, கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்குப் பெட்ரோல் பகுதியும் ஸ்பார்க் பகுதியும் வேறு, மற்றவை இதேதான். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு இது போதாது.

கருவி பெரிதாக வேண்டாம். 10, 12, 14, 17 நம்பர் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், நல்ல ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்டு, ஒரு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூப், கொஞ்சம் பனியன் வேஸ்ட். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைக்கக் கூடாது. சுமை ஒரு முனையில் ஏறினால் அது எச்சரிக்கை இல்லாமல் பொடிந்துபோகும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் கூடாது.

கைவைக்காமல் பார்ப்பது

பேட்டரி இருந்தால் முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். பிறகு டார்ச்சோடு ஒரு சுற்று. பானட்டுக்குள் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள். எலி கூடு கட்ட இதைவிட வசதியான இடம் கிடையாது. தேங்காய் நார், துணிக் கிழிசல், புழுக்கை எது இருந்தாலும் வயரிங்கை முழுவதும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். குறிப்பாக டேஷ்போர்டுக்குப் பின்னால் போகும் கட்டையும், ஃபியூஸ் பெட்டியை ஒட்டியதையும். செம்பு தெரியும் வயரை அப்படியே டேப் சுற்றாமல், வெட்டி ஈயம் வைத்துச் சேர்த்து ஸ்லீவ் போடுங்கள். சைலன்சர் வாய்க்குள்ளும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து, அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், பெட்ரோல் பம்ப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். 800-இல் பம்ப் சிலிண்டர் ஹெட்டின் பக்கத்தில் கேம்ஷாஃப்ட்டால் இயங்குவது. டயஃப்ரம் ஓட்டையானால் பெட்ரோல் நேராக ஆயிலில் கலக்கும். அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயில் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மூடியில் மட்டும் லேசாக இருந்தால் அது ஈரக் காற்று படிந்ததாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் ஹெட் பேக்கிங்கை, அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது துரு. கார்பெட்டைத் தூக்கி ஓட்டுநர் காலடித் தரை, பேட்டரி தட்டு, கதவின் அடி விளிம்பு, பின் சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் இடம் எல்லாவற்றையும் திருப்புளிப் பிடியால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் நல்லது, ‘பொத்’ என்றால் உள்ளே அரித்திருக்கிறது. கடலோர ஊர் வண்டியில் ஜாக்கி முனை தகட்டுக்குள்ளேயே இறங்கிவிடுவது சாதாரணம். அப்படி இருந்தால் முதல் செலவு வெல்டிங்குக்குத்தான். முன் ஷாக் அப்சார்பர் மேலே வந்து சேரும் இடத்துத் தகடு அரித்திருந்தால் வண்டியை எழுப்பும் யோசனையையே மறுபரிசீலனை செய்யலாம். அந்தச் செலவுக்கு நல்ல உடம்புள்ள வேறு 800 கிடைக்கும்.

டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017-இன் 23-வது வாரத்தில் செய்தது. பத்து வருடத்தைத் தாண்டியதை வெடிப்பு இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியும் இதில் சேர்த்திதான். அது வெயில் படாமல் புதிது போல இருக்கும், ஆனால் ரப்பர் அதே வயதுதான்.

பிரேக்

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மூடிய அமைப்பில்கூட ஹோஸ் வழியாக, டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாக ஈரம் வரும். அந்த ஈரம் ஆயிலில் கலந்து, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சக்கரத்தில் இருக்கும் வீல் சிலிண்டர்களையும் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். அதனால் ஐந்து வருடம் நின்ற வண்டியில் டப்பா நிரம்பியிருந்தாலும் பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

கட்டை கொடுத்துச் சக்கரங்களை முட்டுக்கட்டி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். வேலை முடியும்வரை அதை இழுக்க வேண்டாம். ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பின் சக்கரம் சுற்றவில்லை என்றால் பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டியிருக்கும். டிரம் விளிம்பைச் சுற்றிலும் மரச் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு டிரம் விரிசல் விடும். முதல் கியரில் போட்டு எஞ்சின் பலத்தால் பிய்த்துக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். வீல் சிலிண்டரின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் தொப்பியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் ஆயிலை அடைக்கும் ரப்பர் கப் போய்விட்டது. சிலிண்டருக்குள் கரும்புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் புது கப் போட்டும் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். லைனிங்கில் ஆயில் பட்டிருந்தால் அதைப் பெட்ரோலில் கழுவி உபயோகிக்கும் வழக்கம் உண்டு. கழுவினாலும் உள்ளே ஊறியது வெளியே வராது. சூடானதும் மேலே கசிந்து, ஒரு பக்கம் மட்டும் பிடிக்காமல் வண்டி இழுத்துக்கொண்டு போகும்.

முன்னால் டிஸ்க். டிஸ்க் மேல் இருக்கும் செம்மண் நிறத் துருவால் தொந்தரவில்லை, நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரின் பிஸ்டன் நகர்கிறதா, காலிபர் பின் வழுக்குகிறதா என்பதுதான் முக்கியம். பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் தடவுங்கள். சாதாரண சேசிஸ் கிரீஸ், மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் ஆயில் எதுவும் பிரேக் ரப்பரைத் தொடக் கூடாது. பட்டால் ரப்பர் ஊதி, பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கழுவ பிரேக் ஆயில் அல்லது பிரேக் கிளீனர் மட்டும்.

பிரேக்கின் ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். பழைய ஹோஸ் வெளியே முழுதாக இருந்தாலும் உள்ளே வீங்கி வழி அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. சக்கரம் இறுகிச் சூடாகும். இது ஹோஸ் கோளாறா காலிபர் கோளாறா என்று தெரிய ஒரு சோதனை போதும். சக்கரம் இறுகியிருக்கும்போது அதன் ஏர் நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் சிறு திருகைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் ஹோஸ். ஆயில் வந்தும் விடுபடாவிட்டால் காலிபர்.

இனி ஏர் எடுப்பது, அதாவது பிரேக் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றுவது. டாட் 3 பிரேக் ஆயில், சீல் உடைக்காத அரை லிட்டர் டப்பா இரண்டு வாங்குங்கள். பாதி வைத்த பழைய டப்பா ஏற்கெனவே ஈரம் இழுத்திருக்கும். மேல் டப்பாவிலிருக்கும் பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி, துடைத்து, புதிது ஊற்றுங்கள்.

மிதிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, பலரும் கோட்டைவிடுவது இதில்தான். பெடலுக்கு அடியில் ஒன்றரை அங்குல மரக்கட்டை வையுங்கள். வழக்கமாக ஓட்டும்போது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் பாதி தூரம்தான் போய்வரும். மீதித் தூரத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் ஒழுகுவதற்குக் காரணம் இதுதான்.

மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் இருப்பதால் தூரத்துச் சக்கரமான இடது பின்பக்கத்தில் ஆரம்பித்து வலது பின், இடது முன், வலது முன் என்று வாருங்கள். நிப்பிளில் டியூபைச் செருகி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கி வையுங்கள். ஒருவர் மெதுவாக மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். மற்றவர் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடி, பிறகே ‘விடு’ என்று சொல்ல வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நின்று, நிறம் தேன்போல் தெளியும்வரை தொடரலாம். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை மேல் டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள். அது காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயிண்ட் உரியும். துருப்பிடித்த நிப்பிள் அசையாவிட்டால் முந்தின இரவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் தலை முறிந்து வீல் சிலிண்டருக்குச் செலவு வரும்.

முடிந்தபின் பெடல் சொல்வதைக் கேளுங்கள். பஞ்சுபோல் இருந்தால் காற்று மிச்சம். அழுத்திப் பிடித்தபடி இருக்கையில் மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவு இல்லாத பட்சத்தில், மாஸ்டர் சிலிண்டர் கப். முதல் மிதி தாழ்ந்தும் இரண்டாவது மிதி உயர்ந்தும் இருந்தால் பின் ஷூ தளர்வாக இருக்கிறது.

எஞ்சினைக் கையால் சுற்றுதல்

மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். பிளக்குக்கு வரும் தடித்த ஹெச்.டி. வயர்களில் எது எந்த சிலிண்டருக்கு என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்றாம் நம்பர், பற்றவைக்கும் வரிசை 1-3-2. ஒவ்வொரு பிளக் துளையிலும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, துணியால் மூடி, ஒரு இரவு விடுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் என்றால் இரண்டு நாள்.

பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, அது இறுகும் திசையிலேயே, கடிகார முள் போல, கையால் சுற்றுங்கள். நியூட்ரலில் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். வழவழவென்று இரண்டு முழுச் சுற்று வந்தால் நல்லது. ஓரிடத்தில் முட்டினால் நீளக் குழாயைச் செருகி நெம்ப வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் கழித்து, முன்னும் பின்னும் நூலளவு ஆட்டிப் பாருங்கள். அப்படியும் முட்டினால் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும்.

டைமிங் பெல்ட்டையும் இந்தச் சமயத்தில் தீர்த்துவிடலாம். 800-இன் கேம்ஷாஃப்ட் ரப்பர் பெல்ட்டில் ஓடுகிறது. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றுங்கள். இரண்டு புல்லியின் குறிகளையும் நேர்படுத்தத் தெரியாதவர்கள் இந்த ஒரு வேலைக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவது நல்லது. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் எஞ்சின் ஓடும், ஆனால் இழுக்காது. காரணம் தெரியாமல் கார்புரேட்டரைப் பத்து முறை கழற்றுவீர்கள்.

பழைய எஞ்சின் ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ40 ஆயில் இரண்டரை லிட்டர் ஊற்றிவிட்டு, பிறகு டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து நிரப்புங்கள். இந்த முதல் ஆயில் விலை குறைந்ததாக இருக்கலாம், எப்படியும் சீக்கிரம் வடிக்கப் போகிறோம்.

பெட்ரோல்

டேங்க் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடைக்குப் பதில் பழைய வார்னிஷ் வாடை வந்தால் அது பெட்ரோல் இல்லை. கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் விட்டு வையுங்கள். டிகாக்ஷன் நிறத்தில் இருந்தாலும், அடியில் தனி அடுக்காகப் பிரிந்து நின்றாலும் முழுவதையும் வடிக்க வேண்டும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். இழுத்த அளவு எல்லை தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். பம்ப்பின் உறிஞ்சு குழாயும் அங்கேதான் இருக்கிறது. எஞ்சினுக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்தான்.

வடிப்பதைத் திறந்த வெளியில், பேட்டரி கழற்றிய நிலையில், பக்கத்தில் விளக்கோ சிகரெட்டோ இல்லாமல் செய்யுங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். பழைய பெட்ரோலைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம், பார்ட்ஸ் கழுவ ஒர்க்‌ஷாப்பில் வாங்கிக்கொள்வார்கள். டேங்கின் உள்ளே துரு பொரிந்திருந்தால் இறக்கிக் கழுவாமல் தீராது.

பானட்டுக்குள்ளும் டேங்க் அருகிலும் இருக்கும் பெட்ரோல் ஹோஸ்கள் எத்தனால் காலத்துக்கு முன் செய்தவை. வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு தெரியும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் கார் தீப்பிடிக்கலாம். எத்தனால் தாங்கும் ஹோஸ் கேளுங்கள். மேலே ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டிருக்கும். தண்ணீர்க் குழாய், கேஸ் அடுப்புக் குழாய் எதையும் அந்த இடத்தில் போடக் கூடாது. புது ஃபில்டரை மாட்டும்போது அம்புக்குறி பம்ப் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

சென்னைக்காரர்கள் உதிரிக்குப் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போவார்கள். கதவு, கண்ணாடி, விளக்கு, கார்புரேட்டர் உடல் போன்றவை பழையதாக வாங்கலாம். ரப்பர், பிரேக், டைமிங் பெல்ட் மூன்றும் புதிது மட்டும்தான்.

கார்புரேட்டரைக் கழற்றும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேக்குவம் ஹோஸ்கள் பல இருக்கும், ஒன்று இடம் மாறினாலும் ஸ்லோ ஸ்பீடு (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) சீராக நிற்காது. மேல்மூடியைத் திறந்ததும் மிதவை அறையின் அடியில் பச்சையோ பழுப்போ ஆன பிசின் ஒட்டியிருக்கும். ஜெட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றால் ஊதுங்கள். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை நூலிழை பெரிதானாலும் பெட்ரோல் அதிகம் குடிக்கும், கரும்புகை வரும். மிக்ஸ்சர் ஸ்குரூவைக் கழற்றுவதற்கு முன், உள்நோக்கி மென்மையாக முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டு, திரும்ப மாட்டும்போது அதே எண்ணிக்கையில் வையுங்கள். ஊசி வால்வின் ரப்பர் முனையில் வளையம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். அது சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். ஆக்சிலேட்டர் பம்ப் டயஃப்ரம் விறைத்திருந்தால், மிதித்த கணம் எஞ்சின் ஒரு நொடி திணறிவிட்டு எடுக்கும். இவையெல்லாம் ரிப்பேர் கிட்டில் வருகின்றன.

கார்புரேட்டரின் பக்கத்தில் வட்டக் கண்ணாடி ஒன்று இருக்கும். எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் மட்டம் அதன் நடுக் குறியில் நிற்க வேண்டும். இந்த வசதி பல கார்களில் கிடையாது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்பார்க்

புது பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே ஸ்பார்க்கைப் பார்த்துவிட வேண்டும், பொறியும் பெட்ரோல் ஆவியும் ஒன்றாக இருக்கக் கூடாது. பேட்டரியைச் சார்ஜ் செய்து ஒரு இரவு விட்டு அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே இறங்கிவிட்டால் அதை நம்ப முடியாது. மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையைக் கழற்றி, இரு முனையையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டுங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்று புது பேட்டரி வாங்குபவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது இந்தத் தேய்ப்புதான்.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், பாயிண்ட் என்ற சிறு தொடர்பு முனைகள் வைத்தது என்றால், நின்ற நாட்களில் பாயிண்ட் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத படலம் உட்கார்ந்து கரண்டைத் தடுக்கும். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு அஞ்சலட்டைத் துண்டை நடுவில் விட்டு இழுத்துத் துடைத்தால் போதும். எஞ்சினைச் சுற்றி, கேம் முனை பாயிண்ட்டை முழுக்கத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, இடைவெளியை 0.4 முதல் 0.5 மி.மீ. வையுங்கள். பிளக் இடைவெளி 0.7–0.8 மி.மீ. சுவிட்சைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் வேலை பார்க்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் சூடாகிப் போகும்.

பிளக்கை வயரில் மாட்டி, அதன் உடல் எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து செல்ஃப் அடியுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். நீல நிறத்தில் ‘டிக் டிக்’ என்று பொறி வந்தால் சரி. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் கண்டென்சரையும் ரோட்டரையும் பாருங்கள்.

தண்ணீர்

போர்வெல் உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியதன் பலனை இப்போது பார்ப்பீர்கள். வடிப்பது காவி நிறத்தில் வரும். நல்ல தண்ணீர் விட்டுத் தெளியும்வரை கழுவுங்கள். மேல், கீழ் ஹோஸ்களை அமுக்கிப் பார்த்து ‘கருக் கருக்’ என்று சத்தம் கேட்டால் மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால், கொதி வருவதற்கு முன் திறக்க வேண்டும். திறக்காததை மாற்றுங்கள். தூக்கி எறிந்துவிட்டு அது இல்லாமல் ஓட்டும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அப்படி ஓட்டினால் எஞ்சின் சூடேற நேரமெடுத்து, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்.

கூலண்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு பங்கு கூலண்ட், இரண்டு பங்கு தண்ணீர் போதும். உறைபனிக்காக இங்கே யாரும் கூலண்ட் ஊற்றுவதில்லை, அரிப்பைத் தடுக்கத்தான். ரேடியேட்டர் ஃபேன் மோட்டாருக்கு நேராகப் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துச் சுற்றுகிறதா என்று பாருங்கள். நின்ற வண்டியில் ஃபேன் இறுகிப்போயிருப்பது சகஜம். இதைப் பார்க்காமல் விட்டால் முதல் டிராஃபிக் சிக்னலில் ஹெட் பேக்கிங் போகும்.

முதல் ஸ்டார்ட்

பிளக்குகள் இன்னும் வெளியேதான் இருக்க வேண்டும். காயிலின் சிறு வயரைக் கழற்றிவிட்டு, பத்து வினாடி அடித்து அரை நிமிடம் ஓய்வு கொடுத்து, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடியுங்கள். கம்ப்ரெஷன் இல்லாததால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும், ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். துளைகளிலிருந்து பழைய ஆயில் தெறிக்கும், மேலே துணி போடுங்கள்.

இனி பிளக்கை மாட்டுங்கள். கையாலேயே முழுவதும் திருகி, பிறகு ஸ்பேனரால் புது பிளக் என்றால் அரைச் சுற்று மட்டும். ஹெட் அலுமினியம், மரை கழன்றால் பெரிய செலவு. காயில் வயரை மாட்டி, டேங்கில் ஐந்து லிட்டர் புது பெட்ரோல் விட்டு, சோக்கை இழுத்து அடியுங்கள். காலியான ஃபில்டரும் மிதவை அறையும் நிரம்ப நேரமாகும், பொறுமை வேண்டும். செட்டின் கதவு திறந்திருக்கட்டும். பக்கத்தில் தீயணைப்பான் அல்லது ஒரு வாளி மணல்.

பிடித்துக்கொண்டதும் முதல் சில நிமிடம் வெள்ளைப் புகையும் நீலப் புகையுமாக வரும். துளையில் விட்ட ஆயில் எரிவதுதான், பயப்பட வேண்டாம். ஐந்து வினாடிக்குள் ஆயில் விளக்கு அணையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். அணைந்தால், ஆக்சிலேட்டரைப் போட்டு முறுக்காமல் கால் மணி நேரம் ஓடவிட்டு, டார்ச்சோடு எல்லா ஹோஸையும் பாருங்கள். பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வந்தால் டைனமோ வேலை செய்கிறது. ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்து, தானாக நிற்கும்வரை காத்திருங்கள். சூடேறியபின் ஸ்லோ ஸ்பீடை 850–900 ஆர்.பி.எம்.-இல் வையுங்கள். ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, அரை மணி நேரத்துக்குப் பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்தாலோ ஹெட் பேக்கிங்தான்.

கிளட்ச்சை மிதித்தும் கியர் விழாமல் கரகரவென்றால் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கும். முதலில் கேபிள் அளவைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால் எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, முன்னால் ஆள், சுவர் எதுவும் இல்லாத நீண்ட திறந்த இடத்தில் கிளட்ச்சை முழுக்க மிதித்து மூன்றாம் கியரில் செல்ஃப் அடியுங்கள். வண்டி நகரும்போது ஆக்சிலேட்டரை அழுத்தி விட்டால் தட்டு பிரிந்துவிடும். பிரேக் வேலையை முதலிலேயே முடித்ததன் அவசியம் இங்கே புரியும்.

சாலைக்கு வரும்போது

ஆர்.சி. காலாவதி ஆகியிருக்கிறதா பாருங்கள். பதினைந்து வருடம் முடிந்த சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று இல்லாமல் வாசலைத் தாண்ட வேண்டாம். பி.எஸ்.-2 (பாரத் ஸ்டேஜ் 2) புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் காருக்குப் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மிக்ஸ்சர் சரியாக இருந்தால் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறலாம்.

முதல் ஓட்டம் காலி இடத்தில், 20 கி.மீ. வேகத்துக்குள். ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்து பிரேக் பிடியுங்கள், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கையில் ‘கட கட’ என்று கேட்டால் முன் ஆக்சில் ஜாயிண்ட்டின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மற்றதைவிட ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடவில்லை.

50 கி.மீ. ஆனதும் சக்கர நட்டுகளையும், ஹோஸ் கிளிப்புகளையும், பிரேக் ஆயில் மட்டத்தையும் திரும்பப் பாருங்கள். பெட்ரோல் ஃபில்டர் பழுப்பாகியிருந்தால் மாற்றுங்கள், முதல் இரண்டு மூன்று முறை டேங்க் நிரப்பும்வரை குப்பை வந்துகொண்டுதான் இருக்கும். 500 கி.மீ.-இல் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றி, இந்த முறை நல்ல ஆயிலாக ஊற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹெட் கவரைத் திறந்து வால்வு இடைவெளியையும் அன்றே பார்த்துவிடலாம். ஆறிய நிலையில் 0.13 முதல் 0.18 மி.மீ. இருக்க வேண்டும்.